கத்தி வைப்பதற்கு முன்னால்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

இரண்டு இதழ்களுக்கு முன்னால் இந்தப் பகுதியில் ஒரு சின்னக் கேள்வி வந்திருந்தது. தொடையில் ஒரு வருடமாகக் கட்டி இருக்கிறது, தைலம் தேய்த்தால் கரையுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். "தேய்க்காதீர்கள், எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாருங்கள், சார்கோமாவாகக்கூட இருக்கலாம்" என்று நாலு வரியில் முடித்துவிட்டேன். அந்த ஒரு சொல் பல வீடுகளில் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது என்பது வந்த கடிதங்களைப் படித்தபோதுதான் தெரிந்தது. கடலூர், புதுச்சேரி இரண்டு பக்கத்திலிருந்தும் எழுதியிருக்கிறீர்கள். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

சார்கோமா என்பது எலும்பு, தசை, கொழுப்பு, நரம்பு, ரத்தக்குழாய் இவற்றில் பிறக்கும் புற்றுநோய். மார்பகம், வாய், கர்ப்பப்பை வாய் என்று நாம் அடிக்கடி கேள்விப்படும் புற்றுநோய்களிலிருந்து இது வேறு குடும்பம். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்றுதான் சார்கோமா. குழந்தைகளிடம் அந்தக் கணக்கு பத்து மடங்குக்கும் மேலே. அந்தக் கொஞ்சத்துக்குள்ளேயே 70-க்கும் அதிகமான வகைகள். ஒரு நல்ல பொது மருத்துவர் தன் ஆயுளில் நாலைந்து பேரைப் பார்த்திருந்தாலே அதிகம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கேள்வி (பண்ருட்டி): என் மனைவிக்கு வயது 44. முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகிறாள். வலது தொடையின் உள்பக்கம் எட்டு மாதமாக ஒரு கட்டி. முதலில் எலுமிச்சம்பழம் அளவு இருந்தது, இப்போது சாத்துக்குடி அளவு. வலி துளியும் இல்லை. இங்கே ஒரு டாக்டர், "கொழுப்புக் கட்டிதான், அரை மணி நேரத்தில் எடுத்துவிடலாம்" என்கிறார். என் மாமியாரோ, கத்தி பட்டால் பரவிவிடும் என்று அழுகிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் ஒரு வாரத்துக்குத் தள்ளி வையுங்கள் ஐயா. உடம்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணக் கொழுப்புக் கட்டிகள்தான், அந்த மருத்துவர் அதை வைத்துத்தான் சொல்லியிருப்பார். ஆனால் உங்கள் கடிதத்தில் மூன்று விஷயங்கள் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தன. 5 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டது. வளர்ந்துகொண்டே இருக்கிறது. தொடையில் இருக்கிறது. வலி இல்லை என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சதையில் வரும் சார்கோமா பெரும்பாலும் வலிக்காது. அதனால்தான் எட்டு மாதம் ஓடிவிடுகிறது.

வீட்டிலேயே ஒன்று பார்க்கலாம். கட்டிலில் காலை நீட்டி உட்காரச் சொல்லுங்கள். தொடை தளர்வாக இருக்கும்போது கட்டியை விரலால் மெதுவாக அசைத்துப் பாருங்கள். அப்புறம் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒரு தலையணையைக் கொடுத்து நெருக்கச் சொல்லுங்கள். தசை இறுகும்போது கட்டியும் அசையாமல் இறுகிப்போனால் அது தோலுக்கு அடியில் இல்லை, தசைக்கு உள்ளேயோ அதற்குக் கீழேயோ இருக்கிறது. அசைந்தாலும் ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம், அந்த அளவு ஒன்றே போதும்.

செய்ய வேண்டியது இந்த வரிசையில்: முதலில் எம்.ஆர்.ஐ., அப்புறம் ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கும் பயாப்ஸி. வரிசை மாறக் கூடாது. ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கசிந்தால் அதற்குப் பின் எடுக்கிற எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டி எங்கே முடிகிறது, கசிவு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.

அந்த 'அரை மணி நேர' ஆபரேஷனை நானே செய்திருக்கிறேன். அதை இங்கே சொல்லாமல் விட்டால் உங்களுக்கு நான் பாதிப் பதில்தான் கொடுத்ததாகும். படிப்பு முடித்த புதிதில் ஒரு சின்ன மருத்துவமனையில் இருந்தேன். நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து கரும்பு வெட்டும் ஒருவர் வந்தார். தொடையின் முன்பக்கம் கட்டி. கொழுப்புக் கட்டி என்றே நினைத்தேன். மரத்துப்போக ஊசி போட்டுக் குறுக்கே கீறினேன். நார் விலக்கிய பலாச்சுளை மாதிரி வழவழவென்று முழுசாகக் கையில் வந்தது. உறை கிழியவில்லை என்று சந்தோஷப்பட்டேன். ரத்தம் வடிய ஒரு குழாயைக் கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டில் துளை போட்டு வெளியே எடுத்துவிட்டேன். பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது: சார்கோமா.

நான் உறை என்று நினைத்தது உறையே இல்லை. கட்டி வளர வளர, சுற்றியிருக்கும் சதையையும் தன் விளிம்பையும் நெருக்கி உண்டாக்கிக்கொள்ளும் பொய் உறை அது. அதற்குள்ளும் புற்றுச் செல்கள், அதற்கு வெளியிலும் புற்றுச் செல்கள். வழவழவென்று வந்ததற்கு அர்த்தம், அவ்வளவையும் நான் தொடைக்குள் விட்டுவிட்டு வந்தேன் என்பதுதான். நீளவாட்டில் கீறியிருந்தால் அடுத்த ஆபரேஷனில் அந்தத் தழும்பையும் சேர்த்து எளிதாக எடுத்திருக்கலாம். நான் குறுக்கே கீறி, வேறு இடத்தில் துளையும் போட்டிருந்ததால் பெரிய மருத்துவமனையில் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குத் தோலும் தசையும் எடுக்க வேண்டி வந்தது. இன்னொரு தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். ஆறு வாரம் கதிர் சிகிச்சை, நம் ஊரில் சொல்கிற மாதிரி 'கரண்ட்' வைத்தார்கள். அவர் உயிரோடு இருந்தார், ஆனால் முழங்கால் முழுசாக மடங்கவில்லை. கரும்பு வயலுக்கு அப்புறம் அவர் போகவே இல்லை. அதன் பிறகுதான் இந்தத் துறையைத் தனியாகப் படிக்கப் போனேன்.

உங்கள் மாமியாரின் பயம் இப்படிப்பட்ட வீடுகளைப் பார்த்து வந்த பயம். அவரிடம் சொல்லுங்கள்: என்னவென்று தெரிந்துகொண்டு, எங்கே வெட்டுவது என்று படம் பார்த்து முடிவு செய்து, கட்டியைச் சுற்றி நல்ல சதையையும் ஒரு போர்வை மாதிரி சேர்த்து எடுத்தால் அது பரவுவதற்கான வழி இல்லை, குணமாவதற்கான வழி. உள்ளூர் மருத்துவரிடமும் கோபித்துக்கொள்ள வேண்டாம். "எம்.ஆர்.ஐ.க்கு எழுதிக் கொடுங்கள், பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்" என்று கேளுங்கள். எழுதித் தருவார்.

கேள்வி (பாகூர்): ஊசி பயாப்ஸியே புற்றைக் கிளறிவிடும் என்கிறார்களே?

பதில்: இல்லை அம்மா. ஒரே ஒரு நிபந்தனை: யார் ஆபரேஷன் செய்யப் போகிறாரோ அவரைக் கேட்டுத்தான் ஊசி எந்த இடத்தில் நுழைய வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். அந்த ஊசிப் பாதையையும் கட்டியோடு சேர்த்து அவர் எடுத்துவிடுவார். அந்த இடத்தை எங்கள் வார்டில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வோம், மூன்று மாதம் கழித்தும் தேடாமல் இருக்க.

கேள்வி (வில்லியனூர்): என் மகனுக்கு 14 வயது. பள்ளிக் கபடி டீமில் இருக்கிறான். முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வலி என்றான். விளையாட்டில் அடிபட்டது என்று நினைத்து, எண்ணெய்க் கட்டு போடுகிறவரிடம் மூன்று வாரம் கூட்டிப் போனோம். ராத்திரியில் வலி அதிகமானது, வீக்கமும் வந்தது. இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் ஆஸ்டியோசார்கோமா, அதாவது எலும்பில் வரும் சார்கோமா என்கிறார்கள். உடனே ஆபரேஷன் செய்யாமல், "மீட்டிங்கில் பேசி முடிவு சொல்கிறோம்" என்கிறார்கள். ஒரு டாக்டருக்குத் தெரியாதா? பத்துப் பேர் எதற்கு? நாங்கள் செய்த தப்பில்தான் இப்படி ஆனதா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில். நீங்கள் செய்ததால் இது வரவில்லை. அடிபட்டதாலும் வரவில்லை. உயரம் வேகமாகக் கூடும் வயதில், எலும்பு வேகமாக வளரும் இடத்தில், குறிப்பாக முழங்காலைச் சுற்றி, இது தானாகத் தோன்றுகிறது. அடி என்பது அந்த இடத்தைக் கவனிக்க வைக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இனிமேல் அந்தக் காலைப் பிடித்துவிடுவதோ எண்ணெய் தேய்ப்பதோ கூடவே கூடாது. அந்தக் காலை ஊன்றவும் கூடாது, ஊன்றுகோல் வாங்கிக் கொடுங்கள். வலுவிழந்த எலும்பு முறிந்தால் உள்ளே இருக்கும் செல்கள் ரத்தத்தோடு சுற்றிலும் சிந்திவிடும், காலைக் காப்பாற்றுவது கஷ்டமாகும். வீட்டில் வேறு பிள்ளைகள் இருந்தால் ஒன்றைப் பாருங்கள்: வளரும் பிள்ளைக்கு ராத்திரி வலி தூக்கத்தைக் கெடுத்தாலோ, ஒரே இடத்தில் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் வலி நீடித்தாலோ, எந்தக் கட்டுக்கும் முன்னால் ஒரு எக்ஸ்ரே.

சரி, பத்துப் பேர் எதற்கு? அந்த மீட்டிங்கை ட்யூமர் போர்டு என்போம். நான் இருந்த இடத்தில் புதன்கிழமை காலை 8 மணிக்கு. ஜன்னல் மூடிய அறை, சுவரில் திரை, மேசை மேல் ஃபிளாஸ்கில் காபி. உங்கள் மகன் மாதிரி ஒரு பையனின் படம் திரையில் ஓடும். முதலில் ஸ்கேன் பார்க்கும் மருத்துவர் பேசுவார்: எலும்புக்குள் கட்டி எத்தனை சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது, மூட்டுக்குள் நுழைந்துவிட்டதா, முழங்காலுக்குப் பின்னால் ஓடும் ரத்தக்குழாய்க்கும் கட்டிக்கும் நடுவில் கொழுப்புக் கோடு தெரிகிறதா, நுரையீரலில் புள்ளி உண்டா. அந்தக் கோடு இருந்தால் ரத்தக்குழாயைக் கட்டியிலிருந்து பிரித்துக் காலைக் காப்பாற்றலாம். அதற்காகவே நான் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைக்குப் பக்கத்தில் போய் உட்காருவேன். அடுத்து சதைத் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர். சில நாள் அவர், "ஸ்கேனில் நீங்கள் சொல்வதும் என் கண்ணாடி ஸ்லைடில் தெரிவதும் ஒத்துப்போகவில்லை, இன்னொரு துணுக்கு வேண்டும்" என்பார். எரிச்சலாக இருக்கும். ஆனால் அந்த ஒரு வாக்கியம் எத்தனையோ தப்பான சிகிச்சையைத் தடுத்திருக்கிறது.

அப்புறம் கீமோ கொடுக்கும் மருத்துவர், கதிர் சிகிச்சை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட். கடைசி வரிசையில் எங்கள் நர்ஸ் அக்கா. அவர் கேட்கும் கேள்வியை நாங்கள் யாரும் கேட்டிருக்க மாட்டோம்: "அந்தப் பையன் வீட்டில் எந்த மாதிரி கக்கூஸ்? குந்தி உட்காருகிறதுதானே?" கட்டி உள்ள எலும்பை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைத்த முழங்காலால் குந்த முடியாது. ஆபரேஷனுக்கு முன்பே வீட்டில் மேல்நாட்டுக் கழிப்பறையோ, துளை போட்ட நாற்காலியோ ஏற்பாடு ஆக வேண்டும். இல்லாவிட்டால் பையன் வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் கீழே விழுவான்.

அங்கே சண்டையும் வரும். ஒரு பெண்ணுக்குக் கீமோ நடுவில் வீக்கம் கூடியது. உடனே ஆபரேஷன் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். உள்ளே செத்த செல்களும் ரத்தமும் சேர்ந்துதான் வீங்கியிருக்கிறது, கட்டி வளரவில்லை என்று ஸ்கேன் மருத்துவர் படத்தைப் போட்டுக் காட்டினார். கீமோ மருத்துவர் இன்னும் இரண்டு சுற்று கேட்டார். விட்டுக்கொடுத்தேன். ஆபரேஷன் அன்று ரத்தக்குழாய் கட்டியிலிருந்து தனியாகப் பிரிந்து வந்தது. அந்தப் பெண்ணின் கால் இருக்கிறது. தனியாக முடிவு செய்திருந்தால் எடுத்திருப்பேன்.

உங்கள் மகனுக்குப் பெரும்பாலும் முதலில் கீமோ, சுமார் பத்து வாரம். அப்புறம் ஆபரேஷன், அப்புறம் மீதிக் கீமோ. மொத்தம் ஆறிலிருந்து ஒன்பது மாதம். ஆபரேஷனைத் தள்ளிப்போடுகிறார்கள் என்று பயப்படாதீர்கள். கண்டுபிடிக்கும்போதே, ஸ்கேனில் தெரியாத செல்கள் நுரையீரலுக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம். காலை மட்டும் வெட்டிய காலத்தில் ஐந்து பேரில் ஒருவர்தான் பிழைத்தார். கீமோவும் சேர்ந்த பிறகு, கண்டுபிடிக்கும்போது வேறெங்கும் பரவாதவர்களில் பத்துக்கு ஆறு ஏழு பேர் பிழைக்கிறார்கள். எடுத்த எலும்பை மறுபடி மைக்ராஸ்கோப்பில் பார்த்து, 90 சதவீதத்துக்கு மேல் செல்கள் செத்திருந்தால் மருந்து நன்றாகக் கேட்டிருக்கிறது என்று அர்த்தம்.

கீமோவில் ஒன்று சிவப்பு நிறத்தில் இருக்கும், டாக்ஸோரூபிசின். அன்று சிறுநீரும் சிவப்பாகப் போகும், ரத்தம் என்று அலற வேண்டாம். ஆனால் இந்த மருந்து இதயத்தைப் பாதிக்கலாம், அதற்காகத்தான் முன்னதாக இதயத்துக்கு எக்கோ எடுப்பார்கள். சிஸ்பிளாட்டின் காதையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம், காது டெஸ்ட் கேட்டு வாங்குங்கள். ஐபாஸ்பமைடு கொடுத்த நாட்களில் சிறுநீரில் ரத்தம் வந்தால் அது நிஜ ரத்தம், உடனே சொல்ல வேண்டும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் ராத்திரி 2 மணியானாலும் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். மாத்திரை போட்டுக் காலை வரை பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். வெள்ளை அணுக்கள் குறைந்த உடம்பில் ஒரு ராத்திரியே நீளம்.

இன்னொன்று, கேட்கக் கூச்சப்படுவீர்கள் என்று நானே சொல்கிறேன். இந்த மருந்துகள் பிற்காலத்தில் குழந்தை பிறக்கும் வாய்ப்பைக் குறைக்கலாம். 14 வயதுப் பையனுக்குக் கீமோ தொடங்கும் முன் விந்தணு சேமிக்க முடியுமா என்று டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள். ஒருநாள் வேலை அது. தொடங்கிய பின் கேட்டால் காலம் கடந்திருக்கும்.

கபடி? உலோக மூட்டு வைத்தால் கபடி கிடையாது. நீச்சல் உண்டு, சைக்கிள் உண்டு. அவனிடம் அதை மறைக்காமல் சொல்லுங்கள். பதினாலு வயதுக்காரர்கள் நாம் நினைப்பதைவிடத் தாங்குவார்கள், பொய் சொன்னால்தான் உடைந்துபோகிறார்கள்.

கேள்வி (கடலூர் முதுநகர்): என் வீட்டுக்காரர் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர், வயது 38. கெண்டைக்காலில் சார்கோமா. ஒரு இடத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் தப்பும் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் கரண்ட் வைத்துவிட்டுக் கட்டியை மட்டும் எடுக்கலாம் என்கிறார்கள். காலைக் காப்பாற்ற ஆசைப்பட்டு உயிரை விட்டுவிடுவோமோ என்று பயம்.

பதில்: தங்கச்சி, நானும் முதுநகரில் வளர்ந்தவள்தான். ஆடுகிற போட்டில் நிற்கக் காலுக்கு என்ன வேலை என்று பார்த்து வளர்ந்திருக்கிறேன்.

உங்கள் பயத்துக்கு 1982-லேயே ஒரு பதில் கிடைத்தது. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் கை கால்களில் சதைச் சார்கோமா வந்த 43 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கை அல்லது காலை எடுத்தார்கள். இன்னொரு பிரிவுக்குக் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் சிகிச்சை கொடுத்தார்கள். உயிர் பிழைத்ததில் இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. அதற்கு முன்னால் காலை எடுப்பதுதான் வழக்கம், அதற்குப் பின் காலைக் காப்பாற்றுவது வழக்கமானது. ஆகவே காலை வைத்துக்கொள்ள ஆசைப்படுவது உயிரோடு விளையாடுவது இல்லை.

ஆனால் எல்லோருக்கும் முடியாது. முக்கிய ரத்தக்குழாயையும் பாதத்துக்கு உணர்வு தரும் நரம்பையும் கட்டி சுற்றி வளைத்திருந்தால், காப்பாற்றிய பிறகு மிஞ்சுவது உணர்வில்லாத, புண் ஆறாத பாதம். உப்புத் தண்ணீரில் நாள் முழுக்க நிற்கிறவருக்கு அது பெரிய பாரம். அந்த நிலையில் முழங்காலுக்குக் கீழே எடுத்து நல்ல செயற்கைக் கால் போடுவது தோல்வி ஆகாது. அப்படி ஒருவர் மூன்று மாதத்தில் என் அறைக்குள் நடந்து வந்து, எது செயற்கைக் கால் என்று என்னையே கேட்டார். எனவே மருத்துவரிடம் "எடுக்கலாமா, வேண்டாமா" என்று கேட்காதீர்கள். "நரம்பும் ரத்தக்குழாயும் கட்டியிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கின்றன, படத்தில் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அவர் என்ன வேலை செய்கிறார் என்பதையும் நீங்களே சொல்லுங்கள்.

கரண்டை ஆபரேஷனுக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா என்ற கேள்வியும் வரும். முன்னால் என்றால் 25 தடவை, வாரத்தில் ஐந்து நாள், ஐந்து வாரம். கொஞ்ச வாரம் இடைவெளி விட்டு ஆபரேஷன். பின்னால் என்றால் அளவும் கூட, கதிர் படும் பரப்பும் கூட. கனடாவில் செய்த ஆய்வு 2002-ல் வெளியானது. முன்னால் வைத்தவர்களில் 35 சதவீதம் பேருக்குப் புண் ஆறுவதில் சிக்கல் வந்தது, பின்னால் வைத்தவர்களில் 17 சதவீதம். ஆனால் பின்னால் வைத்தவர்களுக்கு வருடங்கள் போகப் போகச் சதை இறுகி, மூட்டு விறைப்பது அதிகம். புண் சில மாதத்தில் ஆறிவிடும், விறைப்பு ஆறாது. போட்டில் நிற்க வேண்டிய 38 வயதுக்காரருக்கு நான் முன்னால் என்றே சாய்வேன். அவருக்குச் சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் கொண்டுவாருங்கள், பீடியை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். புண் ஆறுவதை அவை இரண்டும்தான் அதிகம் கெடுக்கின்றன.

கேள்வி (நெய்வேலி): 9 வயது மகளுக்குத் தொடை எலும்பில் கட்டி. காலைத் திருப்பி வைக்கும் ஆபரேஷன் என்று ஒன்றைச் சொன்னார்கள். படத்தைப் பார்த்துவிட்டு என் மனைவி மயங்கிவிட்டாள்.

பதில்: படம் பார்த்தால் அப்படித்தான் இருக்கும். நரம்பை மட்டும் விட்டுவைத்து, கட்டி இருக்கும் முழங்கால் பகுதியை எடுத்துவிட்டு, கீழ்க்காலைப் பாதத்தோடு மேலே கொண்டுவந்து, குதிகால் முன்பக்கம் பார்க்கும்படி திருப்பி வைப்பார்கள். கணுக்கால் இனி முழங்காலாக வேலை செய்யும். அந்தப் பாதத்தைச் செயற்கைக் காலுக்குள் நுழைத்து நடப்பாள். ஒன்பது வயதில் இன்னும் எவ்வளவோ வளர வேண்டியிருக்கிறது. நீளும் உலோக எலும்பு விலை அதிகம், திரும்பத் திரும்ப ஆபரேஷன் கேட்கும். திருப்பி வைத்த கால் அவள் கூடவே வளரும், ஓடும், குதிக்கும். என்னிடம் இதைச் செய்துகொண்ட ஒரு பெண் பாவாடையைத் தூக்கி, பின்பக்கம் பார்க்கும் விரல்களை ஒவ்வொன்றாக ஆட்டிக் காட்டிவிட்டுக் கயிறு தாண்டினாள். தாண்டி முடித்ததும் எண்ணிக்கையைச் சொன்னாள், 40.

ஆனால் கண்ணாடியில் பார்க்கப் போவது அவள்தான், நாமில்லை. முடிவுக்கு முன்னால், இதைச் செய்துகொண்ட ஒரு பிள்ளையை உங்கள் மகளும் மனைவியும் நேரில் பார்க்க ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேளுங்கள். படத்தைவிட அது உதவும்.

கேள்வி (விருத்தாசலம்): பையனுக்குத் தொடை எலும்பு வலி, காய்ச்சல். எலும்பில் சீழ் என்று இரண்டு மாதம் மருந்து கொடுத்தார்கள். இப்போது யூயிங் சார்கோமா என்கிறார்கள். முதலில் பார்த்தவர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: ஏமாற்றவில்லை. யூயிங் என்பதும் எலும்பில் வரும் ஒரு வகைச் சார்கோமா. அது காய்ச்சலோடு, வீக்கத்தோடு, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் ஏறி, அச்சு அசல் சீழ் மாதிரியே வேஷம் போடும். எக்ஸ்ரேயிலும் ஏமாற்றும். அதனால்தான் எங்களுக்கு ஒரு பாடம்: சீழ் என்று திறந்தாலும் துணுக்கைப் பயாப்ஸிக்கு அனுப்பு, கட்டி என்று திறந்தாலும் கிருமி உண்டா என்று பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பு. யூயிங்குக்குக் கீமோவும் கதிரும் நன்றாகக் கேட்கும். இரண்டு மாதம் போனதை நினைத்து இன்னொரு வாரத்தை இழக்காதீர்கள்.

கேள்வி (சிதம்பரம்): வயிற்றில் ஜிஸ்ட் என்ற கட்டியை எடுத்து ஒரு வருடம் ஆகிறது. தினமும் ஒரு இமாடினிப் மாத்திரை. நன்றாகத்தான் இருக்கிறேன், நிறுத்தலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள் ஐயா. ஜிஸ்ட்டும் சார்கோமா குடும்பம்தான். இந்த மாத்திரை வருவதற்கு முன் உங்கள் நோய்க்கு எந்தக் கீமோவும் சரியாகக் கேட்டதில்லை. திரும்ப வரும் அபாயம் அதிகம் உள்ளவர்களுக்கு ஒரு வருடத்தைவிட மூன்று வருடம் எடுத்தவர்கள் அதிக நாள் வாழ்ந்தார்கள் என்று 2012-ல் வந்த ஆய்வு சொல்கிறது. நீங்கள் எந்த வகை என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இந்த மருந்தின் காப்புரிமை விண்ணப்பத்தை 2006-ல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது, 2013-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதனால்தான் நம் நாட்டில் பல கம்பெனிகள் இதைக் குறைந்த விலைக்குத் தயாரிக்கின்றன. கிடைக்கிற மருந்தை விடாமல் சாப்பிடுங்கள்.

கேள்வி (அரியாங்குப்பம்): அம்மாவுக்கு எல்லா சிகிச்சையும் முடிந்தது. ஆனாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சுப் படம் எடுக்கச் சொல்கிறார்கள். நோய் காலில்தானே?

பதில்: சார்கோமா போக விரும்பும் முதல் இடம் நுரையீரல். 1980-ல் செயற்கைக் காலோடு கனடாவின் குறுக்கே 143 நாள் ஓடிய டெர்ரி ஃபாக்ஸை நிறுத்தியதும் அதுதான். மூன்று வருடத்துக்கு முன் முழங்காலில் இருந்தது நுரையீரலில் வந்திருந்தது. இன்று ஒன்றிரண்டு புள்ளிகளாகச் சீக்கிரம் தெரிந்தால் அவற்றை ஆபரேஷன் செய்து எடுக்கலாம். அப்படி எடுத்து வருடக்கணக்காக நன்றாக இருப்பவர்கள் உண்டு. அதனால்தான் முதல் இரண்டு மூன்று வருடம் அடிக்கடி பார்ப்பது, அப்புறம் ஆறு மாதம், ஐந்து வருடத்துக்குப் பின் வருடம் ஒருமுறை. படம் எடுக்கும் வாரத்தில் அம்மா சாப்பிட மாட்டார், எரிந்து விழுவார். எல்லா வீட்டிலும் அப்படித்தான். ரிசல்ட் வாங்க அவரைத் தனியாக அனுப்பாதீர்கள்.

கேள்வி (குறிஞ்சிப்பாடி): எங்கே போவது? என்ன எடுத்துக்கொண்டு போவது? காசு எவ்வளவு ஆகும்?

பதில்: நம் பக்கத்துக்குப் புதுச்சேரி கோரிமேட்டில் மத்திய அரசின் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது, அங்கே மண்டலப் புற்றுநோய் மையமும் இருக்கிறது. சென்னை என்றால் 1954-லிருந்து இயங்கும் அடையாறு புற்றுநோய் நிலையம். எங்கே போனாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்கள் கேஸை ட்யூமர் போர்டில் வைப்பீர்களா?" தமிழ்நாட்டுக்காரர்கள் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையைக் கையில் வைத்திருங்கள், குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. புற்றுநோயாளிக்கும் கூட வருபவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு, ஆஸ்பத்திரியில் சான்று கேட்டு வாங்குங்கள். காலை எடுக்க நேர்ந்தவர்கள் மாற்றுத்திறனாளி அட்டைக்கு உடனே எழுதிப் போடுங்கள்.

எடுத்துப் போக வேண்டியவை: ஸ்கேன் ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, படம் பதிந்த சி.டி.யும் வேண்டும். முதல் எக்ஸ்ரே, மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. ஏற்கெனவே ஆபரேஷன் ஆகியிருந்தால் அதன் குறிப்பு. எல்லாவற்றையும்விட முக்கியம், பயாப்ஸி செய்த லேபில் கேட்டு வாங்கிய கண்ணாடி ஸ்லைடுகளும் பிளாக்கும். பிளாக் என்பது உங்கள் சதைத் துணுக்கை மெழுகில் பதித்து வைத்த தீப்பெட்டியைவிடச் சின்ன வில்லை. அதைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு, தயங்காதீர்கள். அது இருந்தால் மறுபடி ஊசி போடாமலே புது இடத்தில் இன்னொரு முறை பார்த்துவிடுவார்கள்.

ஸ்லைடுகளைப் பஞ்சில் சுற்றிச் சின்ன டப்பாவில் போட்டு, மஞ்சள் பையில் மேலாக வையுங்கள். குறிஞ்சிப்பாடியிலிருந்து கோரிமேடு வர இரண்டு பஸ் மாற வேண்டும், இந்த அக்னி வெயிலில் பையை ஜன்னலோரமோ என்ஜின் பெட்டி மேலோ வைத்துவிடாதீர்கள். பிளாக்கில் இருப்பது மெழுகு, இளகிவிடும். மடியிலேயே வைத்துக்கொண்டு வாருங்கள்.